தேடுபொறியில் பொருத்தம்: அளவுகோலும் அதனைக் காக்கும் குழுவும்



சிங்கப்பூரில் 1887ஆம் ஆண்டு மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்டு ஒரு தமிழ் இதழ் தொடங்கப்பெற்றது. அதன் பெயர் சிங்கைநேசன். இவ்விதழைப் பற்றி ஒப்படைவு எழுத முனையும் மாணவர் ஒருவர், நூலகக் கணினியின் தேடுபெட்டியில் இதழின் பெயரைச் சேர்த்து எழுதித் தேடுகிறார் என்று கொள்வோம். அவருக்குப் பயன்படக்கூடிய கட்டுரையை எழுதியவரோ 'சிங்கை நேசன்' என்று பிரித்து எழுதியிருக்கிறார். இன்னொரு கட்டுரையில் அப்பெயர் 'சிங்கைநேசனில்' என்று வேற்றுமை உருபு ஏற்று வருகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய தேடுபொறி இவ்விரண்டையும் கண்டுகொள்ளாது. 'முடிவுகள் எவையும் இல்லை' என்று திரையில் வரும். மாணவரும் இதைப் பற்றி எவரும் எழுதவில்லை போலும் என்று எண்ணி வேறு தலைப்புக்கு மாறிவிடுவார்.

'இல்லை' என்பதும் 'கிடைக்கவில்லை' என்பதும் வேறு வேறு. எனினும், தேடுபவருக்கு அவ்வேறுபாடு தெரிவதில்லை. கண்டெடுக்க இயலாத நூல் அவரைப் பொறுத்தவரை எழுதப்படாத நூலே. ஆகவே, தேடுபொறி எவ்வாறு இயங்குகிறது, அதனைச் செம்மைப்படுத்துவோர் எதை அளக்கின்றனர், அவர்களை வழிநடத்துவோர் எதில் கருத்தூன்ற வேண்டும் என்பவை கணினித் துறையினர் மட்டும் அறிந்தால் போதும் என்று விட்டுவிடத்தக்கவை அல்ல. மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் அவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சொல்லடைவிலிருந்து தேடுபொறி வரை

தேடுபொறியின் அடிப்படை தமிழ் கற்றவர்களுக்குப் புதியதன்று. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்கள் நூலின் இறுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதியையும் அரும்பத அகராதியையும் சேர்த்தனர். பின்வந்த அறிஞர்கள் சொல்லடைவுகளைத் தொகுத்தனர். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று காட்டுவது சொல்லடைவு. தேடுபொறியும் முதலில் இதையே செய்கிறது. தன்னிடமுள்ள ஆவணங்கள் அனைத்தையும் முன்கூட்டியே படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் ஆவணங்களின் எண்களைக் குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் தேடும் நேரத்தில் அது நூல்களைப் புரட்டுவதில்லை. இந்த அடைவை மட்டுமே புரட்டுகிறது. அதனால்தான் கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து நொடிப்பொழுதில் விடை தர முடிகிறது.

ஆயினும், அடைவு மட்டும் போதாது. ஒரு சொல் பத்தாயிரம் ஆவணங்களில் வருமானால் எதை முதலில் காட்டுவது என்ற வினா எழுகிறது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1957ஆம் ஆண்டில், ஓர் ஆவணத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பது அவ்வாவணத்தின் பொருளைக் காட்டும் ஒரு குறிப்பு என்று எடுத்துரைத்தார். இங்கிலாந்து அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972ஆம் ஆண்டில் இதற்கு இன்றியமையாத மறுபாதியைச் சேர்த்தார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கே மதிப்பு மிகுதி என்றார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'சிங்கப்பூர்த் தமிழ் நாடகம்' என்று ஒருவர் தேடுகிறார். சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மட்டும் கொண்ட தொகுப்பில் 'சிங்கப்பூர்', 'தமிழ்' ஆகிய இரு சொற்களும் ஏறத்தாழ எல்லா நூல்களிலும் வரும். அங்கு நூல்களைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் 'நாடகம்' என்ற சொல்லுக்கே உண்டு. தமிழகத்து நாடகங்கள் பற்றிய தொகுப்பிலோ 'சிங்கப்பூர்' என்ற சொல்லே அந்த வேலையைச் செய்யும். ஒரு சொல்லின் எடை அச்சொல்லில் மட்டும் இல்லை. அது எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

இவ்விரு கருத்துகளையும் இணைத்து, ஸ்டீபன் ராபர்ட்சனும் இலண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றியவர்களும் 1994ஆம் ஆண்டளவில் பிஎம்25 என்ற வாய்பாட்டை உருவாக்கினர். ஒரு சொல் பத்து முறை வருவதால் அவ்வாவணம் பத்து மடங்கு பொருத்தமாகிவிடாது. நீண்ட ஆவணத்தில் எந்தச் சொல்லும் மிகுதியாக வருவது இயல்பே. இவ்விரு நடைமுறை உண்மைகளையும் அவ்வாய்பாடு கணக்கில் கொண்டது. இன்றைக்கும் பல நூலகங்களின் தேடல் வசதிகள் இதனையே அடித்தளமாகக் கொண்டுள்ளன. 1998ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த செர்கே பிரினும் லாரி பேஜும், ஒரு பக்கத்தை வேறு எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்தனர். பல உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும் நூலுக்கு மதிப்பு மிகுதி என்று நாம் கருதுவதை ஒத்தது இது.

பொருத்தத்தை எவ்வாறு அளப்பது?

வாய்பாடுகள் பல. அவற்றுள் எது சிறந்தது என்று முடிவு செய்வது எப்படி? இவ்வினாவுக்கு முறையான விடை கண்டவர் ஒரு நூலகர். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரியில் நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிச் சில ஆண்டுகள் சோதனைகள் நடத்தினார். அவருடைய இரண்டாம் கட்டச் சோதனையிலிருந்து ஆய்வுலகம் இன்றளவும் எடுத்தாளும் தொகுப்பில் 1,400 ஆவணங்களும் 225 வினாக்களும் உள்ளன. ஒவ்வொரு வினாவுக்கும் எவ்வெவ்வாவணங்கள் பொருத்தமானவை என்று முன்னதாகவே மனிதர்களைக் கொண்டு குறித்து வைத்துக்கொண்டார். அதன்பின் வெவ்வேறு அடைவு முறைகளை அதே வினாக்களால் சோதித்தார். வல்லுநர்கள் அரிதின் முயன்று அமைத்த வகைப்பாட்டு முறைகளைவிட, ஆவணத்தில் இயல்பாக வரும் தனிச்சொற்களே நல்ல பயன் தந்தன என்ற முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. அளந்து பார்த்திராவிட்டால் அதை எவரும் நம்பியிருக்கமாட்டார்.

அன்று முதல் நிலைபெற்ற அளவைகள் இரண்டு. ஒரு தலைப்புக்குப் பொருத்தமான நூல்கள் தொகுப்பில் 20 இருப்பதாகக் கொள்வோம். தேடுபொறி 10 நூல்களைக் காட்டுகிறது. அவற்றுள் 8 பொருத்தமானவை. காட்டியவற்றுள் பொருத்தமானவை எத்தனை என்பது துல்லியம். இங்கு அது 80 விழுக்காடு. இருப்பவற்றுள் காட்டப்பட்டவை எத்தனை என்பது மீட்பு. இங்கு அது 40 விழுக்காடு. வலையை அகலமாக வீசினால் மீட்பு கூடும், துல்லியம் குறையும். குறுக்கி வீசினால் துல்லியம் கூடும், மீட்பு குறையும். பேருந்து நேரத்தைத் தேடுபவருக்குத் துல்லியம் போதும். ஆய்வேடு எழுதுபவருக்கு மீட்பே முதன்மை.

மூன்றாவது அளவை, வரிசையைப் பற்றியது. பொருத்தமான நூல் முதலிடத்தில் இருப்பதும் ஏழாமிடத்தில் இருப்பதும் ஒன்றல்ல. பின்லாந்து ஆய்வாளர்களான யார்வெலினும் கெகலைனெனும் வகுத்த கணக்கு இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. அதன் வழக்கமான வடிவில், முதலிடத்தில் உள்ள ஆவணத்துக்கு முழு மதிப்பும், மூன்றாமிடத்தில் அரை மதிப்பும், ஏழாமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பும் தரப்படுகின்றன. மேலும், ஓர் ஆவணத்தைப் பொருத்தம், பொருத்தமின்மை என்று இரண்டாகப் பிரிக்காமல், மிகப் பொருத்தம், ஓரளவு பொருத்தம் என்று படிநிலைகளாக மதிப்பிடவும் இக்கணக்கு இடமளிக்கிறது.

தமிழ் முன்வைக்கும் சிக்கல்கள்

மேற்கூறிய அனைத்தும் ஒரு சொல்லை மற்றொரு சொல்லோடு ஒப்பிட்டு 'இரண்டும் ஒன்றே' என்று சொல்ல இயலும் என்ற எண்ணத்தின்மேல் நிற்கின்றன. தமிழில் அந்த முதற்படியே எளிதன்று.

முதலாவது, எழுத்து நிலையில் எழும் சிக்கல். 'கொடி' என்ற சொல்லின் முதலெழுத்தைக் கணினியில் இரு வகையாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இவை சமம் என்று ஒருங்குறித் தரமே விதித்திருப்பதால் இதனைச் சீர்செய்வது எளிது. 'ஔவை' என்பதைப் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவை' என்று எழுதுகின்றனர். இதற்கு அத்தகைய விதி இல்லை. ஒகரமும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றுக என்று பொறியாளர் ஒருவர் ஆணை எழுதினால், 'ஒளி' என்ற சொல்லும் உருக்குலைந்துவிடும். அவ்வாறே, ரகர மெய்க்கு மாற்றாகக் காலின்மேல் புள்ளி இட்டு 'அவா்கள்' என்று தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்கள் ஏராளம். படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு, தேடுபொறிக்கு இரு வேறு சொற்களாகிறது.

இரண்டாவது, சொல் நிலையில் எழும் சிக்கல். ஆங்கிலச் சொற்களின் ஈறுகளை வெட்டி மூலவடிவம் காணும் விதிமுறை ஒன்றை மார்ட்டின் போர்ட்டர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்டார். தமிழிலும் ஈறுகளை வெட்டினால் போதுமே என்று தோன்றலாம். 'மரத்தை' என்பதிலிருந்து ஐ உருபை நீக்கலாம். ஆனால், இடையிலுள்ள அத்துச் சாரியையையும் அறிந்தால்தான் 'மரம்' கிடைக்கும். இறுதியில் ஐ ஒலி வந்தால் வெட்டுக என்று பொதுவிதி செய்தால், 'கலை' தேடியவருக்குக் 'கல்' கிடைக்கும். 'காட்டில்' என்பதிலிருந்து 'காடு' என்பதைப் பெற வேண்டும். 'காட்டினார்' என்பதிலிருந்து 'காட்டு' என்ற வினையைப் பெற வேண்டும். இரண்டையும் ஒரே அடியாகக் குறுக்கினால், வனம் பற்றிய நூல்களுக்கிடையே வழிகாட்டும் நூல்கள் வந்து நிற்கும். மீட்பைக் கூட்டப் போய்த் துல்லியத்தை இழந்த கதையாகிவிடும்.

இவ்விடத்தில் தமிழாசிரியர்கள் ஒன்றை நினைவுகூரலாம். 'வந்தனன்' என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்துக் காட்டும் பகுபத உறுப்பிலக்கணத்தை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். நன்னூல் கூறும் அந்த ஆறு உறுப்புகளைப் பற்றிய அறிவே தமிழ்த் தேடுபொறிக்குத் தேவையான சொற்பகுப்பானின் உள்ளடக்கம். தேர்வுக்கு மட்டும் உரியதென்று மாணவர் கருதும் பாடம், தேடலின் நடுப்பகுதியில் இருக்கிறது.

மூன்றாவது, பொருள் நிலையில் எழும் சிக்கல். 'ஆறு' என்பது நீரோட்டமா, எண்ணா, வழியா? 'படி' என்பது கற்றலா, ஏணியின் நிலையா, அளவையா? அடுத்துள்ள சொற்களைக் கொண்டே தெளிய முடியும். மாறாக, ஒரே பொருள் பல வடிவங்களில் வருவதும் உண்டு. கோலாலம்பூர் என்பாரும் குவாலாலம்பூர் என்பாரும் ஓர் ஊரையே குறிக்கின்றனர். பினாங்கு என்றும் பினாங் என்றும் எழுதுகிறோம். இளையோர் பலர் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்துகளிலேயே தட்டுகின்றனர்.

சொற்களை எண்களின் வரிசையாக மாற்றிப் பொருள் நெருக்கத்தைக் கணிக்கும் புதிய மொழி மாதிரிகள் வந்துவிட்ட பிறகு இலக்கண அறிவு தேவைதானா என்று கேட்கலாம். கூகுள் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட பன்மொழி பெர்ட் மாதிரி, தமிழ் உட்பட 104 மொழிகளை உள்ளடக்கியது. 2019ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பெர்ட் மாதிரியைத் தன் தேடலிலும் புகுத்தியது. 'வனம்' என்று தேடினால் 'காடு' என்று எழுதப்பட்டதையும் காட்டும் திறன் இத்தகைய முறைகளுக்கு உண்டு. எனினும், இவை கற்பது தமக்குத் தரப்பட்ட பனுவல்களிலிருந்தே. இணையத்தில் ஆங்கிலம் போல் தமிழ் மிகுதியாக இல்லை. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் அதனினும் குறைவு. ஆகவே, மாதிரி சொல்வது சரியா என்று சோதிக்கும் பொறுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது.

மதிப்பீட்டாளர்கள் வேறுபடும்போது

சோதிப்பது யார்? இறுதியில் மனிதர்களே. கூகுள் நிறுவனம் தன் மதிப்பீட்டாளர்களுக்கான நெறிமுறைகளை 2015ஆம் ஆண்டில் முழுமையாக வெளியிட்டது. தேடுபவரின் தேவையை ஒரு முடிவு எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது என்பதை, நிறைவேற்றவில்லை என்பதிலிருந்து முழுமையாக நிறைவேற்றுகிறது என்பது வரை ஐந்து நிலைகளில் குறிக்குமாறு அது கேட்கிறது. வினாத்தாளுக்கான மதிப்பெண் திட்டத்தை வகுத்த அனுபவமுள்ள எந்த ஆசிரியரும் இதன் தேவையை உடனே உணர்வார்.

ஒரே கட்டுரைக்கு இரு ஆசிரியர்கள் வெவ்வேறு மதிப்பெண் தருவதுண்டு. தேடலிலும் அப்படியே. அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 1992ஆம் ஆண்டு முதல் டிரெக் என்ற ஒப்பீட்டுக் கருத்தரங்கை நடத்திவருகிறது. அக்கழகத்தின் ஆய்வாளர் எலன் வூர்ஹீஸ், ஒரே வினாக்களுக்கு வெவ்வேறு மதிப்பீட்டாளர்கள் தந்த முடிவுகளை ஒப்பிட்டார். இருவருள் எவரேனும் ஒருவர் பொருத்தமானவை என்று குறித்த ஆவணங்களுள், இருவரும் ஒருசேரக் குறித்தவை பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால், எந்தத் தேடுமுறை சிறந்தது, எது அடுத்தது என்ற தரவரிசை மட்டும் மதிப்பீட்டாளர் மாறினாலும் பெரிதும் மாறவில்லை.

இம்முடிவு இரு பாடங்களைத் தருகிறது. முதலாவது, பொருத்தம் என்பது ஒருவருக்கொருவர் ஓரளவு மாறுபடும் மனித முடிவு என்பதை ஏற்க வேண்டும். இரண்டாவது, அதனால் அளப்பதே வீண் என்று சோர்ந்துவிடக் கூடாது. போதுமான எண்ணிக்கையில் வினாக்கள் இருந்து, மதிப்பீட்டாளர் நேர்மையாகச் செயற்பட்டால் ஒப்பீடு நம்பத்தக்கதாகவே அமையும்.

குழுவை வழிநடத்துவோர் கருத்துக்கு

தேடுபொறியைச் செம்மைப்படுத்தும் குழுவில் நிரல் எழுதும் பொறியாளர், தரவு ஆய்வாளர், மொழியறிஞர், மதிப்பீட்டாளர், நூலகர் எனப் பலதிறப்பட்டவர் இருப்பர். ஒவ்வொருவர் கண்ணிலும் ஒவ்வொரு குறை படும். அவர்களை ஒருங்கிணைப்பவர் கவனிக்க வேண்டியவை சிலவற்றைக் கூறலாம்.

முதலாவது, எதை அளக்கிறோம் என்பதில் விழிப்பு வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிங் தேடுபொறிக் குழுவினர், ரான் கோஹாவியின் தலைமையில் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்துள்ளனர். சோதனை ஒன்றில் நேர்ந்த நிரற்பிழையால் பயனர்களுக்கு மிக மோசமான முடிவுகள் காட்டப்பட்டன. அதன் விளைவாக, ஒரு பயனர் தேடும் எண்ணிக்கை 10 விழுக்காட்டுக்கு மேலும், வருவாய் 30 விழுக்காட்டுக்கு மேலும் உயர்ந்தன! விடை கிடைக்காதவர்கள் மீண்டும் மீண்டும் தேடினர். விளம்பரங்களையும் மிகுதியாகச் சொடுக்கினர். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் தேடுபொறியைக் கெடுப்பதே வளர்ச்சி என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். ஒருவர் எத்தனை முறை தேடுகிறார் என்பதைவிட, தேவை எழும்போது அவர் மீண்டும் இத்தேடுபொறியை நாடி வருகிறாரா என்பதே சரியான அளவை என்று அவர்கள் எடுத்துரைத்தனர்.

இரண்டாவது, சொடுக்குகளை அப்படியே நம்பக் கூடாது. தார்ஸ்டன் யோவாகிம்ஸும் அவருடைய குழுவினரும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முடிவுகளின் வரிசையைத் தலைகீழாக மாற்றிக் காட்டினர். அப்போதும் பயனர்கள் மேலே இருந்தவற்றைச் சொடுக்க முனைந்தனர். மேலே இருப்பதால் சொடுக்கப்படுவதும், சொடுக்கப்படுவதால் மேலேயே இருப்பதும் ஒரு சுழல். அதை உடைக்காத குழு, பழைய முடிவுகளையே நல்ல முடிவுகள் என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, சராசரி எண் சிறுபான்மை மொழியை மறைத்துவிடக் கூடும். ஒரு குழுவின் சோதனைத் தொகுப்பில் 1,000 வினாக்கள் இருப்பதாகவும், அவற்றுள் 950 ஆங்கிலம், 50 தமிழ் என்றும் கொள்வோம். ஒரு மாற்றத்தால் ஆங்கிலத் தேடலின் தரம் 1 புள்ளி உயர்கிறது. தமிழ்த் தேடலின் தரம் 10 புள்ளி வீழ்கிறது. மொத்தச் சராசரியைக் கணக்கிட்டால் ஏறத்தாழ அரைப்புள்ளி உயர்வு தெரியும். மாற்றம் வெற்றி என்று அறிவிக்கப்படும். தமிழில் தேடுவோர் மட்டும் தேடல் ஏன் திடீரென்று பயனற்றுப்போனது என்று திகைத்து நிற்பர். இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. கணக்கிட்ட முறையே காரணம். நான்கு அதிகாரத்துவ மொழிகள் வழங்கும் சிங்கப்பூர் போன்ற நாட்டில், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே தரத்தைக் காட்டுமாறு குழுத்தலைவர் கேட்பது கடமையாகும். ஒரு மொழியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தரம் வீழ்ந்தால் மாற்றம் நிறுத்தப்பட வேண்டும் என்பதை முன்னதாகவே விதியாக்கிவிடுதல் நலம்.

நான்காவது, தலைவரின் விருப்பம் அளவுகோலாகிவிடக் கூடாது. உயர்பதவியில் இருப்பவர் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்து, 'இது ஏன் முதலில் வரவில்லை?' என்று கேட்பார். அந்த ஒரு வினாவுக்காக ஒரு தனிவிதி எழுதப்படும். இத்தகைய விதிகள் பெருகினால் எந்த விதி எதைக் கெடுக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அவர் சுட்டிய குறையைச் சோதனைத் தொகுப்பில் ஒரு வினாவாகச் சேர்த்து, பிற வினாக்களைப் பாதிக்காத தீர்வைத் தேடுவதே முறை.

ஐந்தாவது, முயற்சிகளுள் பெரும்பாலானவை பயன் தாரா என்பதைக் குழுவினர் மனம் ஏற்க வேண்டும். கூகுள் நிறுவனம் தன் தேடலுக்காக 2018ஆம் ஆண்டில் 654,000க்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தி, 3,200க்கும் மேற்பட்ட மாற்றங்களையே நடைமுறைப்படுத்தியதாக அறிவித்தது. தம் கருத்து தோற்றதென்று சொல்ல அஞ்சும் குழுவில் உண்மையான அளவீடு நடைபெறாது. அதேபோல, சோதனை வினாக்களில் ஒரு பகுதியைப் பொறியாளர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்தலும் வேண்டும். வினாத்தாள் முன்பே வெளியான தேர்வில் பெற்ற மதிப்பெண் எதையும் மெய்ப்பிக்காது.

ஆறாவது, விடையின்றி முடிந்த தேடல்களைக் குழு முழுவதும் வாரந்தோறும் சேர்ந்து படிக்க வேண்டும். 'சிங்கைநேசன்' தேடிய மாணவர் குறைகூறி எவருக்கும் கடிதம் எழுதப்போவதில்லை. அவர் விட்டுச்சென்ற ஒரே தடயம், முடிவுகள் எவையும் கிடைக்காத அந்தத் தேடல் பதிவுதான். தேடியவர் யார் என்பது தெரியாதவாறு பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட அப்பதிவுகளை மொழியறிஞரும் பொறியாளரும் அருகருகே அமர்ந்து படிக்கும்போது, இது எழுத்துச் சிக்கலா, புணர்ச்சிச் சிக்கலா, தொகுப்பிலேயே நூல் இல்லையா என்பது விளங்கும்.

வகுப்பறையில் தொடங்கக்கூடிய பணி

இதில் நம் பங்கு என்ன? தமிழ்த் தேடலுக்கு இன்று பெரிதும் தேவைப்படுவன, நல்ல தமிழ் வினாக்களும் அவற்றுக்கு நேர்மையாகக் குறிக்கப்பட்ட விடைகளும் ஆகும். அவற்றைத் தொகுக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை.

ஓர் உயர்நிலைப் பள்ளி வகுப்பில் இதனைச் செய்து பார்க்கலாம். மாணவர்கள் உண்மையாகவே அறிய விரும்பும் 30 வினாக்களை எழுதட்டும். ஒவ்வொன்றையும் ஒரு நூலகத் தேடலில் இட்டு, முதல் 10 முடிவுகளைப் பதிவு செய்யட்டும். ஒரே முடிவை இரு மாணவர் தனித்தனியே படித்து, மூன்று நிலைகளில் மதிப்பிடட்டும். பின்னர் இருவரும் எங்கே வேறுபட்டனர், ஏன் வேறுபட்டனர் என்று பேசட்டும். தற்செயலாகவும் இருவர் ஒத்துப்போகக் கூடும் என்பதால், அதைக் கழித்துவிட்டு உண்மையான உடன்பாட்டை அளக்க ஜேக்கப் கோஹன் 1960ஆம் ஆண்டில் வகுத்த எளிய கணக்கைக் கணித ஆசிரியர் கற்பிக்கலாம். விடை கிடைக்காத வினாக்களைச் சொல் பிரித்தும் சேர்த்தும், உருபு நீக்கியும் மாற்றித் தேடி, எந்த வடிவத்துக்கு விடை கிடைத்தது என்று குறிக்கலாம். இலக்கணமும் வாசிப்பும் புள்ளியியலும் ஒரே பாடத்தில் கூடிவரும். தொகுத்த பட்டியலை நூலகத்தாரிடம் கொடுத்தால், அவர்களுக்கு அது பயனுள்ள சோதனைத் தொகுப்பாகும்.

இவ்வட்டாரத்துக்குத் தமிழ்க் கணிமையில் ஒரு மரபு உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் கணினியில் தமிழ் எழுதுவதை எளிதாக்கியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் அவரோடு உழைத்தவர்களும் 1995ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினர். 1997ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு இங்கு கூடிற்று. 2015ஆம் ஆண்டில் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்வழி, விடுதலைக்குப் பிந்தைய 50 ஆண்டுகாலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. கணினியில் தமிழை எழுதவும் படிக்கவும் முன்னோர் வழி செய்துவிட்டனர். எழுதி வைத்ததைத் தேடுபவர் கையில் சேர்க்கும் பணி எஞ்சியிருக்கிறது.

அப்பணிக்குப் பொறியாளர் வேண்டும்; அவரோடு மொழி அறிந்தவரும் வேண்டும். ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு மாணவர் 'இதைப் பற்றி ஒன்றும் இல்லை' என்று வந்து சொன்னால், அவர் எந்தச் சொல்லை எவ்வாறு எழுதித் தேடினார் என்று ஒருமுறை கேளுங்கள். அவ்வினாவையும் அதற்குக் கிடைத்த விடையையும் ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். தமிழ்த் தேடலைச் செம்மைப்படுத்த முன்வரும் எந்தக் குழுவுக்கும் முதலில் தேவைப்படுவது அந்த ஏடுதான்.